ஆற்றுக்கும் லீவு

எங்கள் பள்ளியில் கால அட்டவணை போடுவது பதினெட்டு வருடமாக என் வேலை. பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் சாப்பாட்டு மேசைமேல் பெரிய சார்ட்டை விரித்து, பென்சிலும் ரப்பருமாக உட்காருவேன். இருபத்திரண்டு வகுப்பு, முப்பத்தொரு ஆசிரியர், நாளைக்கு எட்டுப் பீரியட், பீரியடுக்கு நாற்பது நிமிடம். பி.டி. மாஸ்டருக்கு உச்சிவெயிலில் கிரவுண்ட் விழக்கூடாது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிட வேண்டும். ஒருவருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு விழக்கூடாது. முடிக்க மூன்று நாள் ஆகும். யாருக்காவது ஃப்ரீ பீரியட் இருந்தால் அதையும் விட்டுவைக்க மாட்டேன். அன்றைக்கு லீவு போட்டவருடைய வகுப்புக்கு அவரை சப்ஸ்டிட்யூஷன் அனுப்பிவிடுவேன். ஆசிரியர் அறையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை.

இப்படிப்பட்ட ஒருத்தி, "கொஞ்சம் ஓய்வா ரெண்டு நாள் எங்கயாவது போயிட்டு வரலாம்" என்று கிளம்பினாள்.

ஓய்வு அக்காவுக்காக. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைக் கடைசி ஒன்பது வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அம்மா போன பிறகு தாம்பரத்துக்கு எங்களோடு வந்துவிட்டாள். படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது. ஆனால் ஊர்க் கிளை நூலகத்தில் அவள் தொடாத நாவல் கிடையாது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை எத்தனை முறை படித்தாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. அந்த நாவல் நடக்கிற ஊர் கும்பகோணம். நாங்கள் வளர்ந்ததோ செய்யாற்றுப் பக்கம். எங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் எங்கே போகலாம் என்று கேட்டவுடன் அவள் யோசிக்கவே இல்லை.

"கும்பகோணம் போலாம் பாப்பா. காவேரில ஒரு முழுக்குப் போட்டுட்டு, படித்துறைல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தாப் போதும்."

எனக்கு அப்போதே ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவளுக்கு நான் பாப்பாதான். அவள் சொன்னதில் கும்பகோணம் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. 'போதும்' விழவில்லை.

அன்று ராத்திரியே எக்செல்லைத் திறந்துவிட்டேன். மே மாதம் முழு ஆண்டு விடுமுறை, இரண்டு பகல், பதினெட்டு இடங்கள். முதல் நாள் நவக்கிரகம் ஒன்பதும். மறுநாள் கும்பேஸ்வரர், சாரங்கபாணி, நாகேஸ்வரன், ராமசாமி, சக்கரபாணி என்று ஊருக்குள் ஐந்து கோயில், மகாமகக் குளம், தாராசுரம், சுவாமிமலை, ராமானுஜன் வீடு. கோயிலுக்குப் பச்சை, சாப்பாட்டுக்கு மஞ்சள், பயணத்துக்குச் சாம்பல் என்று கட்டங்களுக்கு நிறம் வேறு கொடுத்தேன். காவிரி? அதுவும் இருந்தது. இரண்டாம் நாள் காலை 7.00 முதல் 7.20 வரை. நீல நிறம்.

வீட்டுக்காரர் பிரிண்ட் அவுட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்டர்வெல் பெல் எப்ப அடிக்கும்?" என்றார். நான் சிரிக்கவில்லை.

உழவன் எக்ஸ்பிரஸில் போய் விடியற்காலையில் இறங்கினோம். ஓட்டலில் குளித்ததோடு சரி, ஆறு மணிக்கெல்லாம் கார் கிளம்பிவிட்டது. ஓட்டுநர் அனுபவசாலி. "ஒரே நாள்ல ஒன்பதையும் முடிச்சிரலாம்மா" என்று தெம்பு கொடுத்தார். முடிப்பது என்ற சொல்லை அன்றைக்கு நாள் முழுக்கக் கேட்டேன். திங்களூர் முடிஞ்சுது, ஆலங்குடி முடிஞ்சுது, திருநாகேஸ்வரம் முடிஞ்சுது. எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. ஒவ்வொன்று முடிந்ததும் காரில் உட்கார்ந்து பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தேன்.

சூரியனார்கோயிலில் கூட்டம், கஞ்சனூரில் நல்லவேளை கூட்டமில்லை. வைத்தீஸ்வரன்கோயில் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்திக்கொண்டிருந்தார்கள். தஞ்சைப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மாலை நாலு, நாலரைக்குத்தான் திறக்கும். ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த சங்கதி இது, எனக்கும் தெரியும். அட்டவணையில் ஐந்து நிமிட இடைவெளிகூட விட்டிருந்தேன். கஞ்சனூருக்கு அப்பால் ஒரு ரயில்வே கேட் அந்த ஐந்தையும் இன்னொரு பதினைந்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டது.

மூன்றரை மணி நேரம். மே மாத வெயில். ஓட்டுநர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வீட்டுக்காரரும் ஒரு ஓட்டல் நாற்காலியில் தூங்கிவிட்டார். நான் மட்டும் பிரிண்ட் அவுட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திருவெண்காட்டையும் கீழப்பெரும்பள்ளத்தையும் திருநள்ளாற்றையும் எப்படி இடம் மாற்றிப் போட்டால் இழந்த நேரத்தைப் பிடிக்கலாம் என்று எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். எங்கு திரும்பினாலும் நாடி ஜோதிடப் பலகைகள். ஒரு ஆள் எங்களை விடாமல் சுற்றிச் சுற்றி வந்து, "பெருவிரல் ரேகை மட்டும் குடுங்கம்மா, உங்க ஓலை வந்துரும்" என்றார். அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "போய்ப் பாத்துட்டு வரட்டா பாப்பா? என் ஓலைல, தங்கச்சி இப்படி ஓட ஓட விரட்டுவான்னு எழுதியிருக்கான்னு கேக்கணும்."

அதற்கும் நான் சிரிக்கவில்லை.

ராத்திரி அறைக்குத் திரும்பும்போது பத்தரை. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறோம். ஒன்பதும் டிக். அக்காவின் இடது முழங்கால் வீங்கி, புடவைக்கு மேலேயே தெரிந்தது. தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போதுகூட, சுவாமிமலையில் அறுபது படி இருக்கிறதே என்ற கவலைதான் மனசில் ஓடியது. அவளுக்கு வலிக்குமே என்று அல்ல, நேரம் இழுக்குமே என்று. இதை இப்போது எழுதக் கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

மறுநாள் காலை அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் கோயிலெல்லாம் பாத்துட்டு வாங்க. என்னை ஆத்தங்கரைல விட்டுருங்க. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்."

"உனக்காகத்தானே இவ்வளவு ப்ளான் பண்ணினேன்! ஒரு நன்றி வேண்டாம், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காமயாவது இருக்கலாமில்ல?"

என் வாயிலிருந்து வந்த வார்த்தை இது. அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஏழு மணிக்குச் சரியாகச் சக்கரப் படித்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். கையில் மஞ்சப்பையோடு அக்கா முன்னால் இறங்கினாள். பைக்குள் மாற்றுப்புடவை, துண்டு, ஒரு துண்டு மஞ்சள், பூவுக்கென்று தனியாக ஐந்து ரூபாய் நாணயம்; ஊரிலிருந்தே எடுத்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கடைசிப் படியில் நின்றாள். எதிரே மணல். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் மணலும் கோரையும். நட்ட நடு ஆற்றில் மூன்று குச்சிகளை நட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு குட்டையில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர், அதில் ஒரு எருமை.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பி, "ஆத்துக்கும் லீவு விட்டுட்டாங்க போல" என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. அவளுக்கு அப்படித்தான் பேச வரும். என்னால்தான் தாங்க முடியவில்லை. பழைய மாநிலப் பாடத்திட்டத்திலும் புதியதிலும் மேட்டூர் அணையை நடத்துகிற டீச்சர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். 1934இல் கட்டி முடித்த அணை. குறுவைக்குத் தண்ணீர் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இதுதான் வழக்கமான தேதி, அணையின் நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். இடைப்பட்ட நான்கரை மாதம் டெல்டாவில் ஆறு இப்படித்தான் கிடக்கும். பதினெட்டு இடத்துக்கு நேரம் பார்த்தவள், அவள் கேட்ட ஒரே இடத்துக்கு மாதம் பார்க்கவில்லை. ஆறு என்றால் அது எப்போதும் அங்கே இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அன்றைக்கு மீதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அட்டவணைப்படியே எல்லாம் நடந்தது. சாரங்கபாணி, நாகேஸ்வரன், மற்றவை எல்லாம் டிக். தாராசுரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் கொடுத்தேன். சுவாமிமலையில் அக்கா கீழேயே உட்கார்ந்துகொண்டாள். கணக்கு டீச்சராகிய நான், வருடா வருடம் டிசம்பர் 22 அன்று பிரேயரில் மைக்கைப் பிடித்து ராமானுஜனைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிற நான், சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வீட்டு வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, நடை சாத்திவிடுவார்களே என்று அடுத்த கோயிலுக்கு ஓடினேன்.

ஊருக்கு வந்து துணி துவைக்கும்போது மஞ்சப்பையை உதறினேன். மாற்றுப்புடவை மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. உள்ளே ஐந்து ரூபாயும்.

அந்த அட்டவணையின் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. 'நிறைய இடம் போட்டுவிட்டோம்' என்பதுதான் முதலில் தோன்றியது. அது பாதிதான். மீதிப் பாதி, அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு கால அட்டவணை இருக்கிறது என்பது. ஆற்றுக்கு ஜூனும் ஜனவரியும். கோயிலுக்கு நண்பகலும் நாலு மணியும். நாகேஸ்வரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 ஆகிய மூன்று நாள் சூரிய ஒளி நேராகக் கருவறை லிங்கத்தின்மேல் விழும். நாங்கள் மே மாதம் போய், அதைச் சில வாரத்தில் தவறவிட்டோம் என்பதுகூடத் தெரியாமல் திரும்பியிருக்கிறோம். ஒருவர் முழு டைம்டேபிளும் போட்டு ஒட்டியிருக்கும் சுவரில், அதைப் படிக்காமல் மேலேயே என்னுடையதை ஒட்டியிருக்கிறேன். பள்ளியில் யாராவது இப்படிச் செய்தால் நான் சும்மா விடுவேனா?

அடுத்த வருடம் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் மறுபடி கிளம்பினோம். அக்காவைச் சம்மதிக்க வைக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது. "நீ பேப்பர் கொண்டு வரலைன்னா வரேன்" என்றாள். இந்த முறை நான் பார்த்துக்கொண்டவை கொஞ்சம்தான். மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கிறதா, டெல்டாவுக்கு எவ்வளவு போகிறது என்று பேப்பரில் பார்த்துக்கொண்டேன். செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி. புரட்டாசியில் நம் பக்கத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் கும்பகோணத்து லாட்ஜுகளில் கல்யாணக் கூட்டம் கிடையாது, கீழ்த்தளத்திலேயே அறை கிடைத்தது. ஒப்பிலியப்பன் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமையில் ஊரே திரளும் என்பதால் சனிக்கிழமையைத் தவிர்த்துத் திங்கள் முதல் புதன்வரை வைத்துக்கொண்டோம். அக்டோபர் நடுவுக்கு மேல் போனால் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். காரே வேண்டாம், ஆட்டோ போதும். ஒரு நாளைக்கு ஒரு இடம். இரண்டாவது இடத்துக்குப் போக வேண்டுமென்றால் அக்கா கேட்க வேண்டும், நான் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதி வீட்டுக்காரர் போட்டது.

முதல் நாள் காலை, அதே சக்கரப் படித்துறை. தண்ணீர் இருந்தது. படம் போட்டது மாதிரி இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வண்டல் கலந்த பழுப்பு நிறம். ஓரத்தில் ஆகாயத்தாமரை ஒதுங்கியிருந்தது. யாரோ திதி கொடுத்துவிட்டு விட்டுப்போன வேட்டி ஒன்று படியில் சிக்கிக் கிடந்தது. பிளாஸ்டிக் கவர்களும் உண்டு. ஆனால் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. படியில் மோதித் திரும்பும் சத்தம் கேட்டது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். படியெல்லாம் பாசி. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நடு ஆற்றுப் பக்கம் போகக் கூடாது, இழுப்பு இருக்கும் என்று அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அதட்டினார். அதனால் தண்ணீருக்குள் மூன்றாவது படியில் உட்கார்ந்து, இடுப்பளவு தண்ணீரில், மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு. நிமிர்ந்து தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டு, "தண்ணி சில்லுன்னு இருக்கும்னு நினைச்சேன், வெதுவெதுன்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எழுந்திருக்கவில்லை. முழங்கால் தண்ணீருக்குள் இருக்க, அக்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் மேற்படியில் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் ஆனதும் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. மறுபடியும் போனது. அவள் எழுந்து மாற்றுப்புடவையைக் கேட்டபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. சரியாக ஒரு பீரியட்.

பிறகு இட்லியும் கடப்பாவும். கடப்பா தெரியாதவர்களுக்கு: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயும் சோம்பும் அரைத்துவிட்ட வெள்ளைக் குழம்பு; குருமாவுக்கும் சாம்பாருக்கும் நடுவில் ஒரு பங்காளி. அதற்குப் பின்னால் பித்தளை டவரா டம்ளரில் காபி. சென்னையிலிருந்து விழுப்புரம்வரை நெடுஞ்சாலை முழுக்க 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை வைத்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் நாங்கள் குடித்த கடையில் 'காபி' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. சாப்பாட்டுக்குப் பின் அக்கா இரண்டு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டாள். 2025இல் புவிசார் குறியீடு வாங்கிய கும்பகோணம் வெற்றிலை, கொழுந்தாக இருக்கும்.

சாரங்கபாணி கோயிலில் ஒரு விஷயம் நடந்தது. கருவறை தேர் வடிவில் இருக்கும். கல்லில் சக்கரமும் குதிரையும் யானையுமாகத் தேர் அப்படியே நிற்கும். மூலவரைப் பார்க்கப் படியேறும்போது அக்கா நின்றுவிட்டாள். "போன தடவை அந்தப் பக்கமால்ல ஏறினோம்?"

எனக்கு நினைவே இல்லை. அங்கிருந்த அர்ச்சகரைக் கேட்டேன். "ஆமாம்மா, இங்க ரெண்டு வாசல். தை மாசத்துலருந்து ஆனி வரைக்கும் உத்தராயண வாசல். ஆடியிலருந்து மார்கழி வரைக்கும் தட்சிணாயன வாசல். அரை வருஷம் அது, அரை வருஷம் இது. போன தடவை எப்ப வந்தீங்க?"

"மே மாசம்."

"அப்ப அம்மா சொல்றதுதான் சரி" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. முழங்கால் வலியோடு நான் இழுத்த இழுப்புக்கு வந்தவள் எந்த வாசல் என்று பார்த்து வைத்திருக்கிறாள். டிக் அடித்தவளுக்கு வாசலே தெரியவில்லை.

அங்கிருந்து இறங்கினால் அதே சன்னிதித் தெரு. இந்த முறை ராமானுஜன் வீட்டுக்குள் போனோம். சின்ன ஓட்டு வீடு. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு அறை, பின்னால் சமையலறை, கிணறு. இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பராமரிக்கிறது. ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் தெருக்கோடியில் சாரங்கபாணி கோயில் கோபுரம் தெரியும். திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டவர் அவர். நான் பிரேயரில் சொல்லும் கதை ஒன்று அங்கே ஞாபகம் வந்தது. டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போதே, 1,200 மாணவர்களைச் சுமார் 35 ஆசிரியர்களுக்குப் பிரித்துக்கொடுக்கிற வேலையில் பள்ளிக்கு உதவியிருக்கிறார். அதாவது என் வேலை. என்னுடைய சார்ட்டையெல்லாம் அவர் பார்த்தால் ஒரு நொடியில் தவறு கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்துப் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன்.

கதையின் அடுத்த பாதியைப் பிள்ளைகளிடம் வேகமாகக் கடந்துவிடுவேன், அதைச் சொல்வது ஆசிரியருக்கு நல்லதில்லை. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். எல்லாப் பீரியடிலும் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று, வீட்டை விட்டே விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1,200 பேருக்கு அட்டவணையில் உதவியவருக்குத் தன் அட்டவணையில் ஒரே ஒரு பாடம்தான். அந்தக் கல்லூரி இன்றும் இருக்கிறது, 1854இல் தொடங்கியது. அன்றைக்கு அந்தத் திண்ணைக்கு எதிரே எவ்வளவு நேரம் நின்றேன் என்று பார்க்கவில்லை. அக்காதான் உள்ளேயிருந்து வந்து, "பாப்பா, பசிக்குது" என்றாள்.

இரண்டாம் நாள் நான் பழைய புத்தியைக் காட்டினேன். மத்தியானம் இரண்டு மணி, அக்காவும் வீட்டுக்காரரும் ஃபேனுக்குக் கீழே தூங்குகிறார்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை. காலி நேரத்தைப் பார்த்தால் கை அரிக்கும். சத்தம் காட்டாமல் வெளியே வந்து ஆட்டோ பிடித்துத் திருபுவனம் போனேன்; பட்டுப்புடவை பார்த்துவிட்டு, மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேஸ்வரர் கோயிலையும் பார்த்துவிடலாம் என்று. கோயில் சாத்தியிருந்தது, மணி மூன்று, சாத்தாமல் என்ன செய்யும்? புடவைக் கடையில் எனக்குப் பிடித்ததன் விலை எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்தால் இடியோடு மழை. நனைந்து திரும்பியபோது அக்கா திண்ணையில் உட்கார்ந்து லாட்ஜ்க்காரரின் பேத்தியோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். ஏற இறங்கப் பார்த்தாள். "சப்ஸ்டிட்யூஷன் போனியா?" என்றாள். இந்த முறை சிரித்துவிட்டேன்.

மழை விட்டபின் மாலையில் தாராசுரம். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. முன்பு இருபத்தைந்து நிமிடத்தில் அறுபது போட்டோ எடுத்தேனே, அதில் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. இந்த முறை விளக்கு வைக்கும்வரை இருந்தோம். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் அறுபத்துமூவர் கதைகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கி வரிசையாக வைத்திருக்கிறார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இந்த ராஜராஜனின் அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். புத்தகம் வந்த சூட்டோடு மகன் அதைக் கல்லில் ஏற்றிவிட்டான். குனிந்து பார்த்தால்தான் தெரியும். முழங்கால் வலிக்காரி குனிய முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு சிற்பமாக நகர்ந்து, இது இன்னார், இது இன்ன கதை என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். பத்தாம் வகுப்போடு நின்றவள் பாடம் நடத்த, எம்.எஸ்ஸி., பி.எட். கேட்டுக்கொண்டிருந்தேன். யானைக்கும் காளைக்கும் ஒரே தலை வைத்துச் செதுக்கிய சிற்பம் ஒன்று அங்கே புகழ்பெற்றது. ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அக்கா மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் நின்ற சுற்றுலாக் கூட்டத்தின் வழிகாட்டி, "கொஞ்சம் நகருங்கம்மா, எங்களுக்கு அஞ்சு நிமிஷம்தான் டைம்" என்றார். நகர்ந்து கொடுத்தோம்.

மூன்றாம் நாள் காலை சுவாமிமலை போகலாமா என்று அக்காவே கேட்டாள். அறுபது படிக்கும் அறுபது தமிழ் வருடங்களின் பெயர். அவள் பிறந்தது விகாரி வருடம், வரிசையில் முப்பத்துமூன்றாவது. பெயர்களை வாசித்துக்கொண்டே ஏறி, விகாரியில் உட்கார்ந்துவிட்டாள். என் சௌமிய வருடம் பத்துப் படி மேலே. "நீ போய் உன் படில உக்காரு பாப்பா" என்றாள். ஏறி வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சாமி பார்த்துவிட்டு இறங்கும்போது அவள் முழங்கால் வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். வலித்தது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கினாள்.

ராமசாமி கோயிலின் ராமாயண ஓவியங்களைப் பார்க்கவில்லை. கும்பேஸ்வரர் கோயிலுக்குள் போகவில்லை. வாசலில் நீண்டு கிடக்கும் கடைவரிசையில் ஒரு பித்தளைச் சொம்பு வாங்கியதோடு சரி. மகாமகக் குளத்தை ஆட்டோவிலிருந்து பார்த்தோம். 2028இல் மாசி மகாமகம் வருகிறது. ஓய்வுக்குப் போக நினைப்பவர்கள் அந்த மாதம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

மற்றபடி, இதைப் படித்துவிட்டு மே மாத விடுமுறையில்தான் போக முடியும் என்று கிளம்புகிறவர்கள் தாராளமாகப் போய் வாருங்கள். மாற்றுப்புடவையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.